கம்ப்யூட்டருக்குள் உங்கள் கை!

தருவைகுளம். தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ள மீனவர் ஊர். செவுள்வலையோடு ஆழ்கடலுக்குப் போய், பல நாள் தங்கி மீன் பிடித்து வரும் கடலோடிகள் வாழும் ஊர்.

கரைக்குத் திரும்பினாலும் வேலை ஓய்வதில்லை. கிழிந்த வலையைப் பொத்த வேண்டும். மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் வலையைப் போட்டுக்கொண்டு ஊசியை ஓட்டுகிறார்கள். பேச்சு ஊர்க்கதையில் இருக்கும். பார்வை கடலில் இருக்கும். ஆனால் கை தவறுவதில்லை. கண்ணுக்குக் கண், முடிச்சுக்கு முடிச்சு, ஒரே அளவாக விழுகிறது.

அப்படி வலை பொத்தும் பெரியவர் ஒருவரின் முகத்தில், பேரன் ஒரு விசித்திரக் கண்ணாடியை மாட்டிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

அது வெறும் மூக்குக் கண்ணாடி அல்ல. கடலில் மூழ்குகிறவர்கள் அணிவதைப் போல, இரண்டு கண்களையும் முழுக்க மூடிவிடும். உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறிய திரைகள். கம்ப்யூட்டர் காட்டும் காட்சி நாலாபுறமும் விரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். இதைத்தான் 'மெய்நிகர் உலகம்' என்கிறார்கள். மெய் அல்ல, ஆனால் மெய் போலவே இருக்கும்.

பெரியவர் குனிந்து தம் கையைப் பார்க்கிறார். திடுக்கிடுகிறார்!

"ஏலே! இது யாரு கைலே? என் கை எங்க?"

"அதுதான் தாத்தா உங்க கை. அசைச்சுப் பாருங்க."

அசைக்கிறார். அந்தக் கையும் அசைகிறது. ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை.

"காய்ப்பு எங்க? தழும்பு எங்க? பொம்மைக் கை மாதிரில்லா இருக்கு!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பெரியவரின் கேள்வி கற்பனை அல்ல. 'இது என் கைதானா?' என்ற அதே கேள்விக்கு விடை தேடித்தான் உலகெங்கும் விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் கையைப் போலவே கம்ப்யூட்டருக்குள் ஒரு கை செய்ய முயல்கிறார்கள்.

எதற்காக இவ்வளவு பாடு? பொம்மைக் கை போதாதா?

கையே அளவுகோல்

போதாது! காரணம் நம் பாட்டன் பூட்டனுக்கே தெரியும்.

பூ வாங்கினால் முழம். குழி தோண்டினால் சாண். மருந்துக்கு விரற்கடை. கடலின் ஆழத்துக்குப் பாகம். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளமே ஒரு பாகம். நம் அளவுகள் எல்லாம் கையிலிருந்து பிறந்தவை.

நம் மூளையும் இப்படித்தான் அளக்கிறது. ஜெர்மனி விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதைக் காட்டியது. மெய்நிகர் உலகத்தில் ஒருவரின் கையைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். உடனே எதிரே இருந்த பொருள் அவருக்குச் சிறிதாகத் தோன்றியது! பொருள் மாறவில்லை. அளவுகோல் மாறிவிட்டது. அவ்வளவுதான்.

2018-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சி, அவரவர் கையையே அவரவருக்குக் காட்டியது. பொருளின் அளவை அவர்கள் இன்னும் சரியாகச் சொன்னார்கள். 'இது என் கை' என்ற உணர்வும் கூடியது.

பெண்கள் விஷயம் இன்னும் சுவையானது. 2017-ல் ஜெர்மனியில் நடந்த சோதனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பலவிதக் கைகளைக் காட்டினார்கள். ஆண் கை காட்டப்பட்டபோது, அந்த உலகத்தில் தாங்கள் இருப்பதாகப் பெண்களுக்கு அவ்வளவாகத் தோன்றவில்லை. தம் கையைக் காணாத இடத்தில் மனம் ஒட்டவில்லை!

கம்ப்யூட்டரில் பிறந்த முதல் கை

இந்தக் கதை 1972-ல் தொடங்குகிறது.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு கையை வரைந்து அசைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. யாருடைய கையை வரைவது? தம் இடது கையையே எடுத்துக்கொண்டார்!

பிளாஸ்டர் சாந்தில் தம் கைக்கு ஒரு வார்ப்பு எடுத்தார். அதன்மேல் மையால் சுமார் 350 சிறு கட்டங்களை வரைந்தார். முக்கோணமும் பல கோணமுமாக அவை கை முழுவதையும் மூடின. ஒவ்வொரு மூலையும் எங்கே இருக்கிறது என்று அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். நண்பர் ஃபிரெட் பார்க் துணை நின்றார்.

திரையில் கை தோன்றியது. திரும்பியது. விரல்களை மடக்கியது. அந்தப் படம் ஒரு நிமிஷம்தான் ஓடியது. ஆனால் சரித்திரம் படைத்துவிட்டது! 1976-ல் ஓர் ஆங்கில சினிமாவிலும் அந்தக் கை இடம்பெற்றது. பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் 2011-ல் அமெரிக்க அரசு அதைச் சேர்த்தது. கேட்மல் பிற்காலத்தில் 'பிக்ஸார்' என்ற பெரிய கார்ட்டூன் பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

ஆக, கம்ப்யூட்டரில் அசைந்த அந்தப் பழைய கை, யாரோ ஒருவரின் கை அல்ல. செய்தவரின் சொந்தக் கை!

எப்படிச் செய்கிறார்கள்?

இன்று பிளாஸ்டர் வேண்டாம். காமிரா போதும்.

முதல் வேலை அளவெடுப்பது. கையை விரித்து உள்ளங்கை, புறங்கை, பக்கவாட்டு என்று பல கோணங்களில் படம் எடுப்பார்கள். அதிலிருந்து விரலின் நீளம், பருமன், மூட்டு இருக்கும் இடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கணக்கிடும்.

இரண்டாவது, பொருத்துவது. கம்ப்யூட்டரிடம் முன்பே ஒரு பொதுக் கை இருக்கும். 2017-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் 31 பேரின் கைகளை, பல நிலைகளில், சுமார் 1,000 முறை படமெடுத்து அப்படி ஒரு கையை உருவாக்கினார்கள். கடையில் வாங்கிய சட்டையைத் தையற்காரர் பிடித்தும் விட்டும் உடம்புக்குப் பொருத்துகிறார் அல்லவா? அதேபோல் அந்தப் பொதுக் கையை நீட்டியும் சுருக்கியும் உங்கள் கையாக மாற்றுகிறார்கள்.

மூன்றாவது, உள்ளே எலும்பு வைப்பது. மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. விரலை மடக்கும் பெரிய தசைகளோ விரலில் இல்லை! மணிக்கட்டுக்கு மேலே, முன்கையில் இருக்கின்றன. ஒரு கையால் மற்ற முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள். உள்ளே தசை துடிப்பது தெரியும். பொம்மலாட்டக்காரர் மேலிருந்து நூலை இழுப்பது போல, நரம்பு போன்ற நாண்கள் விரலை இழுக்கின்றன. கம்ப்யூட்டர் கையிலும் எந்த மூட்டு எவ்வளவு மடங்கும், மடங்கும்போது தோல் எங்கே சுருங்கும் என்று சொல்லி வைக்க வேண்டும்.

நான்காவது, தோல். இதுதான் கடினம். தோலுக்கு நிறம் மட்டும் பூசினால் மெழுகுக் கை போல இருக்கும். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கை சிவப்பாக ஒளிர்கிறது. வெளிச்சம் தோலுக்குள்ளே நுழைந்து பரவி வெளியே வருகிறது. அந்த ஒளியையும், ரேகை, நகம், நரம்பு, மச்சம், தழும்பு ஆகியவற்றையும் சேர்த்தால்தான் உயிர் வரும்.

கடைசியாக, அசைவு. கண்ணாடியில் உள்ள காமிராக்கள் உங்கள் நிஜக் கையைக் கவனித்துக்கொண்டே இருக்கும். விரல் நுனி, மூட்டு, மணிக்கட்டு என்று 21 புள்ளிகளைக் குறித்துக்கொள்வது ஒரு வழக்கமான முறை. அந்தப் புள்ளிகள் நகர்ந்தால் மெய்நிகர் கையும் நகரும். 2019 டிசம்பரில் 'ஓக்குலஸ் குவெஸ்ட்' என்ற கண்ணாடிக்கு இந்த வசதி வந்தது. கையில் எந்தக் கருவியும் பிடிக்காமல், வெறுங்கையாலேயே அந்த உலகத்தில் பழக முடிந்தது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. முக்கால்வாசி மெய்யாக இருப்பது ஆபத்து! 1970-ல் ஜப்பானிய நிபுணர் மசஹிரோ மோரி இதைச் சொன்னார். அவர் காட்டிய உதாரணமும் ஒரு கைதான். செயற்கைக் கை நிஜம் போலவே இருக்கிறது, குலுக்குகிறோம், சில்லென்று இருக்கிறது, எலும்பு இல்லாமல் கொழகொழக்கிறது. உடனே மனம் அருவருத்துப் பின்வாங்கும் என்றார். கார்ட்டூன் கையை மனம் மன்னிக்கும். சரியாக அமையாத நிஜக் கையை மன்னிக்காது.

ரப்பர் கையும் 'என் கை'

தம்முடையது அல்லாத ஒரு கையை மூளை எப்படித் தன் கை என்று நம்புகிறது? 1998-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதை வெளிப்படுத்தியது.

10 பேரை மேஜை முன் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரின் கையையும் மறைப்புக்குப் பின்னால் ஒளித்தார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். பிறகு இரண்டு தூரிகைகளால் நிஜக் கையையும் ரப்பர் கையையும் ஒரே நேரத்தில் வருடினார்கள். 10 நிமிஷம் இப்படிச் செய்தார்கள். ரப்பர் கையின் மேலேயே தூரிகையின் ஸ்பரிசம் தெரிவதாகப் பலர் உணர்ந்தார்கள். அது தம் கையே என்றும் தோன்றியது!

இரண்டு தூரிகைகளும் முன்னே பின்னே வருடினால் மாயம் கலைந்துவிடும். ஆகையால் மெய்நிகர் கையும் உங்கள் கையோடு கூடவே அசைய வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் 'இது என் கை அல்ல' என்று மூளை தள்ளிவிடும்.

இல்லாத கை வலிக்கிறது!

இது வெறும் வேடிக்கை அல்ல. கையை இழந்தவர்களின் கண்ணீரைத் துடைக்கும் விஷயம்.

விசைப்படகின் விஞ்சில் கை சிக்கலாம். ஆலையில் எந்திரம் கையைப் பறிக்கலாம். பட்டாசு வெடித்து விரல் போகலாம். கை போன பிறகும் துன்பம் போவதில்லை. இல்லாத கை வலிக்கிறது! இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையில் நகம் பதிவது போல வேதனை தருகிறது. சொன்னால் யார் நம்புவார்கள்?

நம்பியவர்களில் ஒருவர் ஒரு தமிழர். டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன். தமிழ்நாட்டில் 1951-ல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சியாளராகப் புகழ் பெற்றவர்.

1990-களில் அவர் ஒரு கருவி செய்தார். விலை உயர்ந்த கருவி அல்ல. ஓர் அட்டைப் பெட்டி. நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அவ்வளவே!

நோயாளி தம் நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னே வைப்பார். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இழந்த கை திரும்பி வந்தது போலத் தோன்றும். நல்ல கையை மூடித் திறந்தால், இழந்த கையும் மூடித் திறக்கும். அதைப் பார்த்ததும் சிலருக்கு, பல நாளாக இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் விரிந்தன. வலி தணிந்தது!

கண்ணாடி காட்டியது யாருடைய கை? நோயாளியின் சொந்தக் கை. அதே நிறம். அதே ரேகை. அதே அசைவு. கம்ப்யூட்டர் நிபுணர்கள் அரும்பாடுபட்டுச் செய்வதை, ஒரு துண்டுக் கண்ணாடி அன்றே செய்துவிட்டது!

பின்னர் கம்ப்யூட்டரும் இந்த வேலைக்கு வந்தது. 2016-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகளின் முயற்சி, புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையான 'லான்செட்'டில் வெளியாயிற்று. கையை இழந்த 14 பேர். வேறு வைத்தியங்களுக்கு அடங்காத வலி. மிச்சமிருந்த தசையின் துடிப்பைக் கருவியால் பிடித்து, திரையில் ஒரு கையை அசைக்க வைத்தார்கள். 12 முறை பயிற்சி. ஓர் அளவையின்படி வலி 47 சதவீதம் குறைந்திருந்தது.

இது சிறிய சோதனை. இவ்விதப் பயிற்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதும் இல்லை. டாக்டரின் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. ஆனாலும் 'வலி இல்லை, எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இருக்கும் கையைப் படமெடுத்து, வலதை இடதாகத் திருப்பினால், இழந்த கையின் உருவம் கிடைத்துவிடும். ராமச்சந்திரனின் கண்ணாடி செய்ததை இனி கம்ப்யூட்டரும் செய்யலாம்.

தொட்டால் தெரிய வேண்டாமா?

மெய்நிகர் கைக்கு இன்னும் ஒரு குறை உண்டு. பார்க்கலாம், அசைக்கலாம். தொட்டால் ஒன்றும் தெரியாது. நிழலைப் பிடிப்பது போலத்தான்.

இந்தக் குறையைப் போக்க முயன்றவர்களிலும் இந்தியர் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடு உணர்வு ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்த மண்டயம் ஸ்ரீநிவாசன், 2002-ல் ஒரு சோதனை நடத்தினார். அமெரிக்காவில் ஒருவர், லண்டனில் ஒருவர். நடுவே அட்லாண்டிக் மகாசமுத்திரம். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டரில் உள்ள ஒரு பெட்டியைத் தூக்கினார்கள். ஒருவர் தள்ளிய விசை மற்றவர் கையில் தெரிந்தது!

சென்னை ஐ.ஐ.டி.யிலும் தொடு உணர்வு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. பேராசிரியர் எம். மணிவண்ணன் அதை நடத்தி வருகிறார். கண்ணால் காணும் பொருளைக் கையாலும் உணரச் செய்யும் கருவிகளே அங்கே ஆராய்ச்சிப் பொருள்.

யாருடைய கை?

இனிதான் முக்கியமான கேள்வி. கம்ப்யூட்டர் அறிந்த கைகள் யாருடைய கைகள்?

31 பேரின் கையில் தொடங்கிய வேலை வளர்ந்திருக்கிறது. 2023-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 1,200-க்கும் மேற்பட்டவர்களின் கைகளைக் கொண்டு ஒரு மாதிரிக் கையைச் செய்தார்கள். பல வயதினர், பல இனத்தவர், ஆண், பெண் எல்லோரும் அதில் உண்டு. நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் உழைக்கும் கை வேறு மாதிரி. உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணின் கை வெடித்திருக்கும். கயிறு இழுக்கும் மீனவரின் உள்ளங்கை காய்த்திருக்கும். ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் விரலை வைத்தால், 'ரேகை பதியவில்லை' என்று கருவி சில சமயம் மறுத்துவிடுகிறது. உழைத்து உழைத்துத் தேய்ந்ததே குற்றமாகிவிடுகிறது!

அப்படிப்பட்ட கைகளையும் சேர்த்து அளந்தால்தான் நாளைய கருவிகள் அவற்றை அடையாளம் காணும். விரல் குறைந்த கை, மூட்டு வளைந்த கை, வளையல் போட்ட கை எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

அதே சமயம் ஜாக்கிரதையும் தேவை. இன்று கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறோம். ரேஷன் வாங்குகிறோம். உள்ளங்கையைத் தெளிவாகப் படமெடுத்துக் கொடுப்பது, பெட்டிச் சாவியைக் கொடுப்பது போலத்தான். கேட்பவர் யார், எதற்கு, எங்கே வைப்பார் என்று கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். ஒருவரின் சொந்த விவரங்களைப் பாதுகாக்க 2023-ல் இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சம்மதம் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

போன கைகளும் இருக்கும் கைகளும்

தூத்துக்குடிக் கடல் முத்துக்குப் பேர் போனது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே முத்துக் குளித்தார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்குவார்கள். மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பொறுக்குவார்கள். கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுப்பார். 1961-ம் ஆண்டோடு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று.

பிறகு முத்து, ஆராய்ச்சிக் கூடத்தில் விளைந்தது. 1973-ல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் கே. அழகர்சாமி குழுவினர் உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். உயிருள்ள சிப்பியைக் கொல்லாமல் லேசாகத் திறந்து, உள்ளே சிறு மணியை வைக்கும் நுட்பமான கைவேலை அது. கை சற்றுப் பிசகினால் சிப்பி செத்துவிடும். இத்தகைய வேலையை மெய்நிகர் சிப்பியில் முதலில் பழகலாம். எத்தனை முறை தவறினாலும் ஓர் உயிர்கூடப் போகாது. ஆனால் பழகும் கை, பழகுகிறவரின் சொந்த அளவில் இருக்க வேண்டும். அளவு தப்பினால் பயிற்சியும் தப்பும்.

இருட்டான கடலடியில் சிப்பியைத் துழாவி எடுத்த அந்தப் பழைய கைகளின் வித்தையை, விரல் விரலாக, மூட்டு மூட்டாக அளந்து வைக்க 1961-ல் கருவி இல்லை. அந்தக் கைகள் போய்விட்டன. வித்தையும் அவற்றோடு போயிற்று.

வலை பொத்தும் கைகள் இன்னும் இருக்கின்றன. ஊசி எப்படி நுழைகிறது, எந்த விரல் நூலை அழுத்துகிறது, முடிச்சு எப்போது இறுகுகிறது என்பதை அப்படியே அளந்து வைக்க இன்று கருவி இருக்கிறது. நாளை ஒரு பேரன் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாத்தாவின் கைமேல் தன் கையை வைத்துத் தொழில் பழகலாம்.

அப்போது கண்ணாடிக்குள் பொம்மைக் கை இருந்தால் போதாது. காய்ப்பும் தழும்புமாகத் தாத்தாவின் கையே இருக்க வேண்டும்.

"என் கை எங்க?" என்று தருவைகுளத்துப் பெரியவர் கேட்டால், "இதோ, இதுதான்!" என்று காட்டும் நாள்தான் விஞ்ஞானம் வெற்றி பெற்ற நாள்.